இன்று ஆயுத பூஜை, இயந்திரங்களுக்கு ஓய்வு

என்னுடைய மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், டி.சி. எல்லாம் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒரு இரும்பு பீரோவுக்குள் கிடந்தன. ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது எங்கள் ஆபீஸ். பீரோவுக்கு நேர் எதிரே என் நாற்காலி. கம்ப்யூட்டர் திரைக்கு மேலே தலையைத் தூக்கினால் பீரோவின் கைப்பிடிதான் கண்ணில் படும். சாவி முதலாளியின் இடுப்பில். நான் ஓடிவிடக் கூடாது என்பதற்காகப் பிடித்து வைத்ததை நானே எதிரில் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

வேலையில் சேர்ந்த அன்றே முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இரண்டு வருடம் வேறு எங்கும் போகக் கூடாது, அதுவரை ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் வேலையைக் கற்றுக்கொண்டு, ஒரு இணையதளத்தைப் பாதியில் போட்டுவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டாராம். ஓசூரிலிருந்து பெங்களூர் கூப்பிடு தூரம். அதனால்தான் இப்படி, தப்பா நினைக்காதே என்றார் முதலாளி. அப்பா பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து, இரும்பு உருக்கி அடிக்கிற தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறவர் அவர். ராயக்கோட்டையில் வாடகை வீடு எங்களுக்கு. திரும்பும்போது பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

"இப்ப என்ன கெட்டுப் போச்சு? பீரோவுல பத்திரமாத்தான இருக்கு. நம்ம வீட்டுல கெடந்தா எலி கொதறிரும்" என்றார் அப்பா.

எங்கள் தொழில் இணையதளம் செய்வது. தொழிற்பேட்டையைச் சுற்றியிருந்த சின்னப் பட்டறைக்காரர்களுக்கெல்லாம் அந்த வருடங்களில் ஒரு ஆசை பிடித்திருந்தது. இணையத்தில் பெயர் வந்துவிட்டால் வெளிநாட்டுக்காரன் தேடி வந்து ஆர்டர் கொடுப்பான் என்ற ஆசை. அதைக் கிளப்பிவிட்டதில் எங்கள் முதலாளிக்குப் பெரிய பங்குண்டு. இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளை வைத்து வேலை செய்வோம். சிஎம்எஸ் என்று அதற்குப் பெயர். மந்திரம் ஒன்றும் இல்லை. தளத்தை நாங்கள் கட்டிக் கொடுத்துவிடுவோம். அதன்பிறகு வாடிக்கையாளரே கடவுச்சொல் போட்டு உள்ளே போய் எழுத்தை மாற்றலாம், படம் ஏற்றலாம். வீட்டைக் கட்டிச் சாவியைக் கையில் கொடுப்பது மாதிரி. "நீங்களே எல்லாத்தையும் மாத்திக்கலாம் சார், எங்கள எதிர்பாக்கவே வேணாம்" என்று சொல்லித்தான் முதலாளி விற்பார்.

ஒருத்தர்கூட மாற்றினதில்லை. சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, கதவைத் திறக்க என்னைக் கூப்பிடுவார்கள். "மேடம், போன் நம்பர்ல கடைசி ரெண்டு மாத்தணும்." "மேடம், எங்க ஐயா போட்டோல கொஞ்சம் செவப்பா தெரியணும்." செய்து முடித்த தளம் எதுவும் என்னை விட்டுப் போனதே இல்லை. ஒவ்வொன்றும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. இது புரியாமல் நான் ஒவ்வொருவருக்கும் படம் படமாகப் போட்டு, எங்கே அழுத்த வேண்டும் என்று அம்புக்குறி வரைந்து, ஒரு வழிகாட்டிப் புத்தகம் வேறு தயாரித்துக் கொடுப்பேன். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் அதன்மேல் குழம்புச் சட்டியை வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கடைசியாக எனக்கு வந்த தளம் பாகலூர் சாலையில் இருந்த ஒரு லேத் பட்டறைக்கானது. பெரிய தொழிற்சாலைகளுக்கு பின், புஷ் என்று சின்னச் சின்ன இரும்பு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை. பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டில் தெலுங்கு, எதிர்க் கடைக்காரரோடு கன்னடம், என்னோடு தமிழ். முதல் நாளிலிருந்தே என்னை பாப்பா என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தில் எல்லாப் பெண்ணும் பாப்பாதான். தளத்தில் போட வேண்டியதையெல்லாம் டெலிவரி சலானின் பின்பக்கத்தில் எழுதி, மொபெட்டில் வந்து கொடுத்துவிட்டுப் போவார். 'சொன்ன தேதிக்குக் குடுப்போம். அளவு தப்பா இருந்தா திருப்பி எடுத்துக்குவோம்' என்று எழுதியிருந்தார். அதைவிட நல்ல விளம்பரத்தை நான் அந்த ஆபீஸில் பார்த்ததில்லை. முதலாளி அதை அடித்துவிட்டு, உலகத்தரம், முன்னணி நிறுவனம் என்று ஆங்கிலத்தில் என்னென்னவோ போடச் சொன்னார். போட்டேன். பீரோ எதிரே இருக்கும்போது என்ன வீராப்பு பேசிவிட முடியும்?

இவருக்கும் மூன்று நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். மவுஸைத் தொடவே மாட்டேன் என்றார். "கையெல்லாம் எண்ணெ பாப்பா. நீயே போட்டுடு."

அந்த வருட ஆயுத பூஜை. காலையில் எங்கள் ஆபீஸில் பூஜை. கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர் என்று ஒவ்வொன்றுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். "அந்த பீரோவுக்கும் வெய்ம்மா" என்றார் முதலாளி. என் சான்றிதழ்களைப் பூட்டி வைத்திருக்கிற கதவில் என் விரலாலேயே மூன்று கோடு சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். தட்டை அவர் தலைமேல் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் பட்டறைக்காரர் வரச் சொல்லியிருந்தார். லேத்துகளையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, மாலை போட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஸ்பானர், அளவு பார்க்கிற கருவிகள் எல்லாம் பலகைமேல் வரிசையாக சாமி முன்னால். பூஜை முடிந்துவிட்டால் மறுநாள் காலை மறுபடி தீபம் காட்டும்வரை யாரும் எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது. பில் போடுகிற கம்ப்யூட்டருக்கும் ஒரு முழம் சாமந்தி சுற்றியிருந்தது. தீபாராதனைக்கு முன்னால் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, இந்த வெப்சைட்டு?"

"அதுக்கு என்ன சார்?"

"அதுவும் ஆயுதந்தான? மெஷினெல்லாம் ரெஸ்ட்டுல இருக்கறப்ப அது மட்டும் ஓடிக்கினு இருந்தா நல்லாவா இருக்குது?"

பசி, வெயில், காலையில் பீரோவுக்கு வைத்த பொட்டு எல்லாம் சேர்ந்து எனக்கு எரிச்சலாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. சிஎம்எஸ்ஸில் அதற்கும் ஒரு வழி உண்டு. பழுது பார்க்கும்போது தளத்தை மூடி வைக்க ஒரு இடம் இருக்கும். அங்கே 'ஆம்' என்று குறித்துச் சேமித்தால், வருகிறவர்களுக்குத் தளம் தெரியாது, நாம் எழுதி வைத்த ஒரு வரிதான் தெரியும். 'இன்று ஆயுத பூஜை. இயந்திரங்களுக்கு ஓய்வு' என்று தட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். வேட்டியில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக மவுஸைப் பிடித்து, தானே அழுத்தி மூடினார். நாளைக் காலையில் எங்கே அழுத்தித் திறக்க வேண்டும் என்று கேட்டார். காட்டினேன்.

"அப்போ தெனமும் பட்டறைய சாத்தறப்ப இதயும் சாத்தணுமா பாப்பா?"

"ஆமா சார். ராத்திரி பகலா ஓடுது, பாவம். அதுக்கும் ரெஸ்ட்டு வேணாமா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பொரியும் சுண்டலும் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் பொரியைத் தின்று முடிப்பதற்குள் சொன்னதை மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் என் இரண்டு வருடம் முடிந்தது. முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஏம்மா, பாண்டு முடிஞ்சா ஆச்சா? அந்த லேத் பட்டறை சைட்டு நிக்குது இல்ல? வேல முடிஞ்சுதுன்னு அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கினு வா, அன்னிக்கே பீரோவ தொறந்துடறேன். உன் சர்டிபிகேட்ட வெச்சி நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்?"

கடிதத்தை நானே அடித்து எடுத்துக்கொண்டு பாகலூர் சாலைக்குப் போனேன். பட்டறைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்து மேஜை டிராயரில் வைத்தார்.

"ஒரு என்கொயரி வரட்டும் பாப்பா. ஒண்ணே ஒண்ணு. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் என்னா வெலைன்னு கேக்கட்டும், அப்பவே கையெழுத்து போட்டுடறன். வாங்கின மாடு ஒரு வேளையாச்சும் கறக்கணும் இல்ல?"

நியாயமான பேச்சு. அதற்காகத்தானே அவர் தளம் செய்தார்.

வாரா வாரம் போனேன். வாரா வாரம் அவர் டீ வாங்கிக் கொடுத்து, "ஒண்ணும் வரலியே பாப்பா" என்றார். ஆபீஸில் உட்கார்ந்து தளத்தைத் திறந்து திறந்து பார்ப்பேன். நன்றாகத்தான் ஓடியது. விசாரணைப் படிவத்தை நானே நிரப்பிச் சோதித்தால் அவருக்கு மெயில் போய்ச் சேர்ந்தது. படங்களை மாற்றினேன், தேடினால் கிடைக்கிற மாதிரி வார்த்தைகளைச் சேர்த்தேன். கார்த்திகை போய், மார்கழி போய், தை வந்தது. ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. நான் செய்த வேலையில்தான் ஏதோ கோளாறு, எனக்கு இந்தத் தொழிலே தெரியவில்லை என்று நம்ப ஆரம்பித்தேன். ஜன்னலுக்குக் கீழே பெங்களூர் பஸ்கள் வரிசையாக நின்றிருக்கும். கண்டக்டர்கள் மெஜஸ்டிக், மெஜஸ்டிக் என்று கூவுவது நாள் முழுக்கக் காதில் விழும். என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக அந்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள். வீட்டில் சொன்னால், கிடைத்த வேலையை ஒழுங்காகப் பார் என்பார்கள். முதலாளியிடம் சொன்னால், லெட்டர் எங்கே என்பார். பட்டறைக்காரரிடம் கோபப்படலாம் என்றால் அந்த மனுஷன் டீயோடு வடையும் சேர்த்து வாங்கி வைத்திருப்பார்.

ஒருநாள் நானே வெளிநாட்டுக்காரனாக மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு பொய்ப் பெயர், ஒரு பொய் மெயில் முகவரி, இத்தனை ஆயிரம் புஷ் வேண்டும், என்ன விலை என்று ஆங்கிலத்தில் அடித்து முடித்தேன். அனுப்புகிற இடத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையை எடுத்துவிட்டேன். அவர் அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யைச் சொல்ல மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. மாடிப்படியில் நின்று பேசினேன். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். நீங்கள் தனியாகச் செய்த தளம் ஒன்றின் முகவரி அனுப்புங்கள், பார்த்துவிட்டு நேரில் கூப்பிடுகிறோம், ஒரிஜினல் சான்றிதழோடு வர வேண்டும் என்றார்கள். லேத் பட்டறைத் தளத்தை அனுப்பினேன். நான் முழுக்க முழுக்கத் தனியாகச் செய்தது அதுதான். அவர்கள் கூப்பிட்டால் முதலாளியின் காலில் விழுந்தாவது பீரோவைத் திறக்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மறுநாள் மெயில் வந்தது. உங்கள் தளம் திறக்கவில்லை என்று இருந்தது. உடனே திறந்து பார்த்தேன், ஜம்மென்று இருந்தது. நன்றாக இருக்கிறது, தயவுசெய்து மறுபடி பாருங்கள் என்று பதில் போட்டேன். அதற்கடுத்த நாள் இன்னொரு மெயில். நேற்று மாலை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம், இன்று விடுமுறை என்று ஏதோ தமிழில் வருகிறது, எங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை.

மாலை என்ற சொல் மண்டையில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆபீஸ் ஆறு மணிக்கு முடிந்துவிடும். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அந்தத் தளத்தை ஆறு மணிக்கு மேல் நான் பார்த்ததே இல்லை. அன்று பஸ் ஏறாமல், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் ஏழு மணிவரை காத்திருந்து திறந்தேன். வெள்ளைத் திரை. நடுவில் ஒரே ஒரு வரி.

இன்று ஆயுத பூஜை. இயந்திரங்களுக்கு ஓய்வு.

தை மாதத்தில் ஆயுத பூஜை! மென்பொருளில் கோளாறா, எவனாவது உள்ளே புகுந்து விளையாடுகிறானா, ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே போய்த் தளத்தைத் திறந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தேன்.

காலையில் நேராகப் பட்டறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டறைக்காரர் வாசலுக்கே ஓடி வந்தார்.

"பாப்பா, நல்லவேள வந்த. யாரோ பூந்துட்டாங்க! நேத்து சாயந்திரம் நல்லா மூடிக்கினுதான் போனன். காலைல வந்து பாத்தா வெப்சைட்டு தொறந்து கெடக்குது."

நேராகக் கம்ப்யூட்டர் மேஜைக்குப் போனேன்.

"எத்தன நாளா சார் மூடறீங்க?"

"ஆயுத பூஜைலேர்ந்து. ஷட்டர எறக்கறதுக்கு முன்ன மூடுவன். காலைல ஊதுவத்தி ஏத்திட்டு தொறப்பன். ஞாயித்துக்கெழமன்னா முழு லீவு."

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், மவுஸ் துடைப்பதற்கென்றே ஒரு வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தார். எங்கள் வாடிக்கையாளர்களிலேயே தினம் இரண்டு வேளை கடவுச்சொல் போட்டு உள்ளே போய் வந்த ஒரே ஆள் அவர்தான்.

கத்திவிட்டேன். "நமக்கு ராத்திரின்னா அவங்களுக்குப் பகல் சார்! அவங்க வந்து பாக்கற நேரமெல்லாம் நீங்க பூட்டி வெச்சிருக்கீங்க! அப்புறம் என்கொயரி எப்படி வரும்? பெங்களூர்ல எனக்கு வரவேண்டிய வேல போச்சு சார், சாயந்திரம் தொறந்து பாத்தா ஆயுத பூஜைன்னு வருது!" அழுகையும் வந்துவிட்டது. லேத்தில் நின்றவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஐயோ பாப்பா. என் கடைய நானே சாத்திக்கினு, யாவாரம் வரலன்னு உன்னப் போட்டு அலைய வெச்சிட்டனே. உன் பொழப்பயும் கெடுத்துட்டனே. எனக்கு ஏது இந்த புத்தி?"

ஏது இந்த புத்தி என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சாமந்தி சுற்றின கம்ப்யூட்டர், கையில் பொரிப் பொட்டலம், அதுக்கும் ரெஸ்ட்டு வேணாமா என்று நான் சிரித்தது, எல்லாம் வந்தது. நான்தான் சார் சொன்னேன், கிண்டலுக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அதற்குள் அவர் டிராயரைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்து, பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். சொன்னால் அவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். வெளிநாட்டுக்காரன் பெயரில் ஒரு பொய்யை அனுப்ப மனசு வராதவளுக்கு, இந்தப் பொய்க்கு வாயைத் திறக்கவேகூட வேண்டியிருக்கவில்லை. சும்மா நின்றால் போதும், நின்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் எண்ணெய்ப் பெருவிரல் ஒன்றும் பதிந்தது.

"இனிமே மூடவே கூடாதா பாப்பா?"

"கூடாது சார்."

"ஆயுத பூஜைக்குக் கூடவா?"

"அன்னிக்கு மட்டும் மூடிக்கலாம் சார்."

முதலாளி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, எண்ணெயிலயே கையெழுத்து வாங்கிக்கினு வந்துட்டியா?" என்று சிரித்தார். சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கே பீரோவைத் திறந்தார். கதவில் நான் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்து, குங்குமம் மட்டும் மங்கலாக ஒட்டியிருந்தது. உறையைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன. ஒன்றைக்கூட எலி தொடவில்லை. போய் நிற்பதற்கு எனக்கு வேறு வேலை இருக்கவில்லை, ஆனாலும் அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ராயக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. சான்றிதழ் உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும், இருக்கப் பார்த்தேன். ஊர் நெருங்கும்போது செல்போன் அடித்தது. பட்டறைக்காரர்.

"பாப்பா, ஷட்டர எறக்கிட்டன். அத தொறந்தே வுட்டுட்டன். சரிதான?"

"சரிதான் சார்."

"என்னவோ மனசே கேக்கல. நீதான சொன்ன, ராத்திரி பகலா ஓடுது பாவம், அதுக்கும் ரெஸ்ட்டு வேணும்னு. அன்னிலேர்ந்து நான் ஒரு நாள் தவறல பாப்பா."

குரலில் குற்றம் சொல்கிற தொனி துளிகூட இல்லை. சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டபோதும் அது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

"பாப்பா, லைன்ல இருக்கியா? இனிமே ரெஸ்ட்டு வேணாம் இல்ல?"

"வேணாம் சார்" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டார்.

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை கூவியும் நான் எழுந்திருக்கவில்லை.